கோழி கேமும் ரெண்டாவது ரிமோட்டும்

சின்ன வயசுல ஆடுன ஒரு டிவி கேம், எங்க வீட்ல அதுக்குப் பேரு கோழி கேம். ரெண்டு கோழி இருக்கும், நடுவுல ஒரு சுவரு, நான் ஒரு பக்கம் அக்கா ஒரு பக்கம், நான் இடது பக்கம் போனா அக்கா வலது பக்கம் போவா, ரெண்டு பேரும் மேல போய் ஒரே நேரத்துல சேரணும், சேர்ந்துட்டா சின்னதா ஒரு பாட்டு வரும். எனக்கு ஞாபகம் இருந்தது இவ்வளவுதான். கூட வேலை பாக்குறவங்ககிட்ட டிவி கேம் பேச்சு வந்தா மாரியோ, கான்ட்ரா, சர்க்கஸ், பாம்பர் மேன்னு எல்லாரும் அடுக்குவாங்க, நான் கோழி கேம்னு சொன்னா மட்டும் ஒரு மாதிரி பாப்பாங்க. ஒருத்தன் அது நீ கனவுல ஆடுனதா இருக்கும்டான்னே சொல்லிட்டான்.

1997ன்னு நினைக்கிறேன், சாத்தூர்ல இருந்தோம். மாமா மெட்ராஸ் போயிட்டு வரும்போது பர்மா பஜார்ல ஒரு டிவி கேம் செட்டு வாங்கிட்டு வந்தாரு, கூடவே மஞ்சக் கலர்ல ஒரு கேசட்டு, மேல 9999 இன் 1னு போட்டிருக்கும். எங்ககிட்ட இருந்தது டயனோரா பிளாக் அண்ட் ஒயிட் டிவி. ஆன்டெனா ஒயரைக் கழட்டிட்டு அந்த இடத்துல கேம் ஒயரைச் சொருகி, ட்யூனரை மெதுவா திருகித் திருகி கோடு கோடா ஓடுறது நின்னு மெனு தெரியுறதுக்குள்ள பாதி ஞாயித்துக்கெழமை போயிரும். அக்காவுக்கு அப்ப பதினொண்ணு, எனக்கு ஆறு. காராச்சேவு தின்ன கையோட ரிமோட்டைத் தொடக்கூடாதுன்னு அக்கா ஒரு சட்டம் வச்சிருந்தா, அது எனக்கு மட்டும்தான். (ஜாய்ஸ்டிக்னு எல்லாம் சொல்ல மாட்டோம், ரிமோட்டுதான்.)

போன வருஷம் கால்ல ஒரு சின்ன ஆபரேஷன் ஆகி மூணு வாரம் வீட்லயே கெடக்க வேண்டியதாச்சு, சரி இந்தக் கோழியைக் கண்டுபிடிச்சே ஆகணும்னு உக்காந்தேன். கண்டுபிடிச்சேன், ஆனா நான் தேடுன விதம் முழுக்கத் தப்பு. இதே மாதிரி ஒரு கேமை மண்டையில வச்சுகிட்டு அலையுற ஆளு இதைப் படிச்சா ஒரு ரெண்டு வாரமாவது மிச்சமாகட்டும்னுதான் எழுதுறேன்.

முதல் தப்பு, கோழின்னு தேடுனது. கோழி, சிக்கன், ஹென், வாத்து, டக்னு எல்லாம் போட்டுப் பாத்தேன், துப்பாக்கியால வாத்து சுடுற கேம்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. கோழிங்கறது நாங்க வச்ச பேரு, பிளாக் அண்ட் ஒயிட் டிவியில பதினாலு இன்ச்ல ஒரு விரல்நகம் சைஸுக்குத் தெரிஞ்சதுக்கு ரெண்டு சின்னப் பசங்க வச்ச பேரு, அதுக்கும் அந்தக் கேமை செஞ்சவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கேசட்டு மெனுல இருந்த பேரு ஞாபகம் வந்தாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா அந்தக் கேசட்டு போட்டவன் இஷ்டத்துக்கு ஒரு பேரை வச்சிருப்பான், டைட்டில் ஸ்கிரீன்ல இருக்குற கம்பெனி பேரையும் வருஷத்தையும் அழிச்சிருப்பான். அதனால பேரை விட்ருங்க, உருவத்தையும் விட்ருங்க. கை என்ன பண்ணுச்சுன்னு எழுதுங்க.

இதை நான் தற்செயலாத்தான் கத்துக்கிட்டேன். ஒரு நாள் ராத்திரி வெறுத்துப்போய் ஒரு பேப்பரை எடுத்து எந்தப் பட்டன் எதுக்குன்னு மட்டும் எழுதிப் பாத்தேன். குதிக்கிறது கிடையாது. கீழ விழுறது கிடையாது. நாலு பக்கமும் நடக்கலாம். பட்டன் அமுக்குனா எதையோ பீச்சி அடிக்கும். ஒருத்தன் நகர்ந்தா இன்னொருத்தன் கண்ணாடியில பாக்குற மாதிரி எதிர்ப்பக்கம் நகர்வான். அப்புறம் எழுத எழுதத்தான் வந்துச்சு, சிலந்தி! சிலந்தி வலை! அதுல மாட்டுனா அசைய முடியாது, இன்னொரு ஆளு வந்து பீச்சி அடிச்சாத்தான் விடுதலை. இதை நான் சுத்தமா மறந்திருந்தேன், கோழின்னு யோசிக்கிற வரைக்கும் வரவே இல்ல, பட்டனைப் பத்தி யோசிச்சதும் வந்துருச்சு.

ரெண்டாவது தப்பு, என் ஞாபகத்துல இன்னொரு கேம் கலந்து கெடந்தது. கோழி பனியில ஓடும், கொடி வரும், மீனு துள்ளும்னு எனக்கு ஒரு காட்சி இருந்துச்சு. அது வேற கேம், கொனாமியோட அன்டார்டிக் அட்வென்ச்சர், பெங்குவின் ஒண்ணு அன்டார்டிகாவைச் சுத்தி ஓடும், நடுநடுவுல ஒவ்வொரு நாட்டு ஆராய்ச்சி நிலையம் வரும், கொடி ஏறும். அதுவும் எங்க கேசட்டுல இருந்திருக்கு. ரெண்டுலயும் பெங்குவின், ரெண்டையும் நாங்க கோழின்னே கூப்பிட்டிருக்கோம், இருபத்தெட்டு வருஷத்துல ரெண்டும் ஒண்ணாக் குழைஞ்சு போச்சு. கூட ஆடுன ஆளுகிட்ட தனியா கேளுங்க, நம்ம ஞாபகத்தைச் சொல்லிக் கேக்காதீங்க. நான் அக்காவுக்கு போன் போட்டு “கோழி கேம் ஞாபகம் இருக்கா, பனியில ஓடுமே”ன்னு கேட்டேன், அவளும் “ஆமாடா பனி”ன்னுட்டா. அவளுக்கு பனி ஞாபகமே கிடையாது, நான் ஊட்டி விட்டது அது. ஒரு வாரம் பனியில அலைஞ்சேன்.

கடைசியில எப்படி மாட்டுச்சுன்னா, இந்தப் பழைய கேசட்டு மெனுவை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு கேமா ஓட்டிக் காட்டுற வீடியோ யூடியூப்ல நெறைய இருக்கு. ரஷ்யாக்காரங்க போட்டது, பிரேசில்காரங்க போட்டது, யாருமே பேச மாட்டாங்க, ஒவ்வொரு கேமும் அரை நிமிஷம். இதைத் தூங்கிக்கிட்டே பாக்குறதுதான் சரியான வழி. நான் கண்ணை மூடிட்டுத்தான் கெடந்தேன், ஒரு பாட்டு ஆரம்பிச்சதும் எந்திரிச்சு உக்காந்துட்டேன். பைனரி லேண்ட். ஜப்பான்ல ஹட்சன் சாஃப்ட் கம்பெனி 1985ல ஃபாமிகாம்ங்கற நின்டென்டோ டிவி கேம் மெஷினுக்குப் போட்டது. பாம்பர் மேனைப் போட்ட அதே கம்பெனிதான். ரெண்டு பெங்குவின், குரின்னு ஒண்ணு, மாலன்னு ஒண்ணு, லவ்வர்ஸு. மேல கூண்டுக்குள்ள ஒரு ஹார்ட் இருக்கும், ரெண்டு பேரும் அதோட ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வந்து நிக்கணும். ஒண்ணு பிங்க்கு கலர்! எனக்கு முப்பத்தி நாலு வயசுலதான் தெரியுது. அந்த ஹார்ட்டை நாங்க அடை வைக்கிற கூடைன்னு நெனச்சிருந்தோம், கோழின்னா கூடைக்குத்தானே போகும்.

சந்தோஷம்தான், ஆனா என்னவோ சரியில்ல. பாட்டு வேகமா ஓடுச்சு. என் மண்டையில இருக்குற பாட்டு இதைவிட நிதானமா போகும், இது என்னமோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி இருந்துச்சு. வயசானா எல்லாம் வேகமாத் தெரியுமோன்னு கூட யோசிச்சேன். விஷயம் அது இல்ல. ஜப்பான் டிவி ஒரு செகண்டுக்கு 60 தடவை படம் வரையுற சிஸ்டம், நம்ம ஊரு டிவி பால் சிஸ்டம், 50 தடவை. அந்தக் காலத்து கேம் எல்லாம் டிவி ஒரு தடவை வரையும்போது ஒரு அடி எடுத்து வைக்கிற மாதிரி எழுதுனது, தனியா கடிகாரம் எல்லாம் பாக்காது. அதனால 60க்கு எழுதுன கேமை 50ல ஓட்டுனா எல்லாமே ஆறுல ஒரு பங்கு மெதுவாகிரும், 30 செகண்டு பாட்டு 36 செகண்டு இழுக்கும். சுதி பெருசா எறங்காது, ஏன்னா இந்த 50 தடவை வரையுற டிவி இருக்குற ஊருகளுக்குன்னு செஞ்ச நகல் மெஷின்ல புராசஸர் வேகத்தை ஜப்பான் மெஷினுக்குப் பக்கத்துலயே வச்சிருந்தாங்க. அதே சுதியில கொஞ்சம் இழுத்துப் பாடுனா எப்படி இருக்கும், அதுதான் நம்ம கேட்டது. அதாவது என் ஞாபகம் கரெக்டு, வீடியோதான் வேற ஊரு.

இதை எமுலேட்டர்லயே சரி பண்ணலாம், கம்ப்யூட்டரைப் பழைய கேம் மெஷின் மாதிரி நடிக்க வைக்கிற சாஃப்ட்வேர்தான் எமுலேட்டர். மெசன்னு ஒரு எமுலேட்டர் இருக்கு, அதுல ரீஜன்னு ஒரு செட்டிங்ல என்டிஎஸ்சி (அதுதான் ஜப்பானோட 60 சிஸ்டம்), பால், டென்டின்னு மூணு இருக்கும். எல்லாரும் நம்ம ஊரு பால் தானேன்னு பாலைப் போடுவாங்க, அதைப் போடாதீங்க, அது ஐரோப்பாவுல நின்டென்டோவே வித்த மெஷினுக்கு, அதுல புராசஸரும் மெதுவு, சுதியும் எறங்கிரும். டென்டியைப் போடுங்க. டென்டிங்கறது ரஷ்யாவுல 1992 கடைசில ஸ்டீப்ளர்ங்கற கம்பெனி கொண்டு வந்து வித்த ஃபாமிகாம் நகல், நம்ம ஊருக்கு வந்ததும் அதோட ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிதான். நான் டென்டியில போட்டதும் பாட்டு சாத்தூர் வேகத்துக்கு வந்துருச்சு. அந்த நிமிஷம் எனக்குக் கெடச்ச சந்தோஷம் கேமைக் கண்டுபிடிச்சப்ப கூட கெடைக்கல, உண்மையாச் சொல்றேன்.

எமுலேட்டர்ல ஓட்டுறதுக்கு கேசட்டுல இருக்குற கேமை அப்படியே காப்பி எடுத்து வச்ச ரோம் ஃபைல் வேணும், அதைப் பத்தி ஒரு வார்த்தை. ஹட்சன் 2012ல கொனாமிக்குள்ள கரைஞ்சு போச்சு, உரிமை எல்லாம் அங்கதான் இருக்கு, கண்ட இடத்துல டவுன்லோடு பண்றது சட்டப்படி சரி கிடையாது. நம்ம சின்ன வயசுல ஆடுன கேசட்டும் திருட்டுக் காப்பிதான்ங்கறது வேற விஷயம், அதை வச்சு நான் யாருக்கும் நியாயம் சொல்ற நெலமையில இல்ல. தெரிஞ்சுக்கிட்டு செய்ங்க, அவ்வளவுதான்.

இன்னொன்னு எனக்கு ரொம்ப நாளா புரியாம இருந்துச்சு, ஜப்பானைத் தாண்டி அப்ப வெளிய வராத ஒரு ஃபாமிகாம் கேசட்டு எப்படி சாத்தூர் வந்துச்சு? அமெரிக்காவுல அந்த மெஷினை வச்சு வளர்ந்தவங்கள்லயே நெறைய பேருக்கு இந்தக் கேமைத் தெரியாது. காரணம் அதோட சைஸு. ஃபாமிகாம் 1983ல வந்தது, முதல் ரெண்டு மூணு வருஷத்துல வந்த கேசட்டுல பெரும்பாலும் புரோகிராமுக்கு 16 கேபி இல்லன்னா 32 கேபி, படத்துக்கு 8 கேபி, ஆக மொத்தம் 24 இல்லன்னா 40 கேபி. மொத சூப்பர் மாரியோவே 40 கேபிதான். காலையில நம்ம சித்தப்பா அனுப்புற குட் மார்னிங் ரோஜாப்பூ அதைவிடப் பெருசு. பின்னாடி வந்த மாரியோ 3 எல்லாம் 384 கேபி, அதுக்கு கேசட்டுக்குள்ள தனி சிப்பு வேற வேணும். கேசட்டு காப்பி அடிக்கிறவன் ஒரே சிப்புல எத்தனை கேமைத் திணிக்கலாம்னுதான் பாப்பான், அவனுக்கு எது ஃபேமஸ்ங்கறது ரெண்டாம்பட்சம், 1984, 85ல வந்த சின்னச் சின்ன ஜப்பான் கேமா பாத்து அள்ளிப் போட்டுட்டான். நமக்கு நட்ஸ் அண்ட் மில்க்கும் பைனரி லேண்டும் வீட்டுச் சோறு மாதிரி ஆனது அப்படித்தான். ஒரு கேம் எந்த ஊருக்குப் போய்ச் சேரும்ங்கறதை அதோட கேபி முடிவு பண்ணியிருக்கு.

கால் சரியானதும் ஊருக்குப் போனேன், பரண்ல ஏறுனேன். அந்த செட்டு இருந்துச்சு! அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாங்க, ஒரு முறுக்குப் புழியுற அச்சு, ரெண்டு ஓட்டை குக்கர் கேஸ்கட்டு, அதுக்கு நடுவுல டிவி கேம். கேசட்டு ஸ்குரூவைக் கழட்டிப் பாத்தேன். ஆறு வயசுல இதுக்குள்ள 9999 கேம் எப்படி அடைச்சிருப்பாங்கன்னு நெனச்சு நெனச்சு தூக்கம் போயிருக்கு. உள்ள தொறந்தா முக்கால்வாசி காலி இடம், அடியில தீப்பெட்டி அளவுக்கு ஒரு பச்சை போர்டு, அது மேல தார் சொட்டுன மாதிரி கருப்பா ஒரு பொட்டு. அவ்வளவுதான் 9999. அப்புறம் ஓட்டி எண்ணிப் பாத்தேன், நெஜமான கேமு 31, மிச்சமெல்லாம் அதே கேமை மூணாவது லெவல்ல இருந்து, அஞ்சாவது லெவல்ல இருந்துன்னு பேரை மாத்திப் போட்டது. சில நாளு மாரியோ ஆரம்பத்துலயே கஷ்டமா இருக்குமே, அது கஷ்டமான நாள் இல்லயாம்.

பழைய செட்டைத் திரும்ப ஓட்டணும்னு ஆசைப்படுறவங்க தயவுசெஞ்சு நேரா பிளக்குல சொருகாதீங்க. என்னோட அடாப்டர் செத்துப்போச்சு, ஒரு கடையில 9 வோல்ட்டு அடாப்டர் ஒண்ணு குடுத்தாங்க, பின்னு கரெக்டா உக்காந்துச்சு, நல்லவேளை சொருகி சுவிட்சைப் போடுறதுக்கு முன்னாடி பக்கத்துல ரேடியோ ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட காட்டுனேன். அவரு பாத்த உடனே “தம்பி, இது நடுப்பின்னு பிளஸ்ஸு, உங்க மெஷினுக்கு நடுப்பின்னு மைனஸா இருந்தா போச்சு”ன்னாரு. ஜப்பான் ஒரிஜினலுக்கு நடுவுல மைனஸ், நகல் மெஷின்ல ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி வச்சிருப்பான். எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு அவரு காட்டுனது இது. உள்ள போர்டுல மூணு காலோட ஒரு ரெகுலேட்டர் இருக்கும், தகடு ஒண்ணுல திருகி வச்சிருப்பாங்க, மேல 7805ன்னு போட்டிருக்கும், வர்ற 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக் கொறைக்கிறது அதுதான். அதோட நடுக்கால்தான் மைனஸ். மல்டிமீட்டரை பீப் அடிக்கிற மோடுல வச்சு ஒரு முனையை அந்த நடுக்கால்ல, இன்னொரு முனையை அடாப்டர் சொருகுற ஓட்டைக்குள்ள நடு ஊசியில வைங்க. கத்துனா நடுவு மைனஸ். கத்தலன்னா அந்த ஓட்டையோட வெளிப்பக்கத் தகட்டுல வச்சுப் பாருங்க, அங்க கத்துனா நடுவு பிளஸ்ஸு. என்னோடது மைனஸ். கடையில குடுத்ததைச் சொருகியிருந்தா இந்தக் கட்டுரை இங்கயே முடிஞ்சிருக்கும். பழைய டைப் கனமான அடாப்டரா இருந்தா சும்மா வச்சு அளக்கும்போது 12, 13 வோல்ட்டு கூட காட்டும், அதுக்குப் பயப்பட வேண்டாம், மெஷினை மாட்டுனதும் எறங்கிரும்.

அப்புறம் ஊதுறது. எல்லாரும் கேசட்டை ஊதித்தான் சொருகுவோம், நான் எச்சி தெறிக்க ஊதுவேன். ஊதுனதுல எதுவும் சரியாகல, கழட்டித் திரும்ப மாட்டும்போது காண்டாக்ட்டு கொஞ்சம் மாறி உக்காரும், அதுலதான் ஓடும். எச்சி ஈரம் செம்புல பச்சை பிடிக்கத்தான் உதவுச்சு. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் மெடிக்கல்லயும் கிடைக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலயும் கிடைக்கும், காது குடையுற பட்ஸ்ல நனைச்சு மெதுவா தேய்ங்க. எனக்கு பதினாலு பட்ஸ் ஆச்சு, முதல் நாலு மை மாதிரி கருப்பா வந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற ஆளுங்களை நான் பாத்திருக்கேன், வேண்டாம், முலாம் போயிரும்.

டிவி பக்கம் வந்தா, அம்மா வீட்ல இப்ப எல்ஈடி. ஆன்டெனா ஓட்டையில சொருகுற ஆர்.எஃப் ஒயர்ல ட்யூன் பண்ணிட்டு இருக்காதீங்க, மெஷின் பின்னாடி மஞ்சளும் கருப்புமா ஏவி ஓட்டை இருக்கும், அதுல எடுங்க. புது டிவில மஞ்சள் சிவப்பு வெள்ளை மூணு ஓட்டை இல்லாம இயர்போன் ஓட்டை மாதிரி ஒண்ணுதான் இருக்கும், அதுக்கு ஒரு மாத்து ஒயர் வேணும், ஆனா எல்லா ஒயரும் ஒண்ணு கிடையாது, உள்ள வரிசை மாறும், படம் வராம சத்தம் கரகரன்னு வந்தா ஒயர் தப்புன்னு அர்த்தம். எனக்கு ரெண்டாவது ஒயர்ல வந்துச்சு, வந்தது பிளாக் அண்ட் ஒயிட்ல! ஒரு நிமிஷம் எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சு, டயனோரா ஆவி புகுந்துருச்சோன்னு. டிவி மெனுல கலர் சிஸ்டம்னு இருக்கும், ஆட்டோவுல இருந்ததைப் பால்னு மாத்துனதும் கலர் வந்துருச்சு. அப்படியே பிக்சர் மோடையும் கேம்னு மாத்திருங்க, இல்லன்னா பட்டன் அமுக்கி கொஞ்சம் லேட்டாத்தான் சர்க்கஸ்ல சிங்கம் தாவும், நெருப்பு வளையத்துலயே செத்துக்கிட்டு இருப்பீங்க. துப்பாக்கி கேமை மட்டும் மறந்துருங்க, அது குழாய் டிவில மட்டும்தான் வேலை செய்யும்.

இனிமேதான் என் கதையில முக்கியமான எடம். வீட்டு கம்ப்யூட்டர்ல எமுலேட்டர்ல ஆடும்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. சர்க்கஸ், மாரியோ, நட்ஸ் அண்ட் மில்க் எல்லாம் இத்தனை வருஷம் கழிச்சு எடுத்தாலும் கை தானா போச்சு, எங்க குதிக்கணும்னு மண்டைக்குத் தெரியறதுக்கு முன்னாடி கட்டைவிரலுக்குத் தெரிஞ்சுது. கோழி கேம்ல மட்டும் கை மக்கா நிக்குது. நாலாவது ரவுண்டைத் தாண்ட முடியல. சின்ன வயசுல நானும் அக்காவும் அதை அநாயாசமா ஆடுவோம், நான் அதுல பெரிய ஆளுன்னு எனக்கு அவ்வளவு நிச்சயம். அதுவும் எமுலேட்டர்ல ஒரே கீயில ரெண்டு பெங்குவினும் நகருது. சரி, இது ஒருத்தர் ஆடுற மோடு போல, ரெண்டு பேர் மோடு நம்ம கேசட்டுல இருந்திருக்கும்னு விட்டுட்டேன். டைட்டில்ல வேற குரினா மாலனா யாருன்னு கேக்கும், நான் அதை ஒன் பிளேயர் டூ பிளேயர்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்.

மே மாச லீவுக்கு அக்கா திருப்பூர்ல இருந்து வந்திருந்தா, அவ பையன் மூணாவது படிக்கிறான். அவனை உக்கார வச்சு, ஒரு ரிமோட்டை அவன் கையில குடுத்து, மாப்ள இதுதான் மாமாவும் அம்மாவும் சின்ன வயசுல ஆடுனது, நீ ரைட்டு, நான் லெஃப்ட்டுன்னு பெருமையா ஆரம்பிச்சேன். பத்து செகண்டு இருக்கும். “மாமா, என்னோடது அசையல.” பட்டனை நல்லா அமுக்குடான்னேன். அமுக்குனான். ரிமோட்டைத் தரையில வச்சான். வச்சுட்டு என்னைப் பாத்து, “நீங்க போற பக்கத்துக்கு ஆப்போசிட்ல அதுவாவே போகுது மாமா, ரெண்டையும் நீங்கதான் ஓட்டுறீங்க”ன்னான்.

நான் ரிமோட்டை மாத்திக் குடுத்துப் பாத்தேன். ரெண்டாவது ரிமோட்டு என் கையில, பட்டனை அமுக்குறேன், ஒண்ணும் ஆகல. அவன் இடது பக்கம் அமுக்குறான், ஒரு பெங்குவின் இடது பக்கம் போகுது, இன்னொண்ணு வலது பக்கம் போகுது. ஆறு வயசுப் பையன் அந்த ரெண்டாவது ரிமோட்டைப் பிடிச்சுக்கிட்டு கண்ட பட்டனையும் அமுக்கிக்கிட்டு இருந்தா, தன்னோட கோழி தானா நகருதுன்னு தோணாது, நாமதான் ஓட்டுறோம்னுதான் தோணும். அக்காவோட கோழி மாதிரியே நகர்ந்தா கூட சந்தேகம் வந்திருக்கும், இது எதிர்ப்பக்கம் போகுதே! இப்படி ஏமாத்துறதுக்குன்னே செஞ்ச கேம் மாதிரி இருக்கு. இது ஒருத்தர் மட்டும் ஆடுற கேம். எந்தக் கேசட்டுலயும் அப்படித்தான்.

அக்கா அடுப்படியில இருந்தா. போய்க் கேட்டேன், ஏன்க்கா, கோழி கேம்ல ரெண்டாவது ரிமோட்டு வேலையே செய்யாதா? அவ வெங்காயம் வெட்டிக்கிட்டே, “இப்பத்தான் கண்டுபிடிச்சியா?”ன்னா. அப்புறம் கத்தியை வச்சுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் சிரிச்சா. அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். “நீ அழுதா அம்மா ஆஃப் பண்ணிருவாங்க, கான்ட்ரால உன்னைச் சேத்தா நீ முதல்ல செத்து என் லைஃபையும் எடுத்துக்குவ, இந்தக் கேம்னா நீயும் சும்மா இருப்ப, நானும் நிம்மதியா ஆடுவேன்.” சிலந்தி வலையில நான் மாட்டும்போதெல்லாம் சுத்தி வந்து என்னைக் காப்பாத்துவாளே, அதை நான் எத்தனை பேர்கிட்ட பெருமையாச் சொல்லியிருக்கேன், அதெல்லாம் அவ தன்னோட இன்னொரு கையைக் காப்பாத்திக்கிட்டது.

எனக்குக் கோவம் வரணும், வரல. நான் அதுல பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிட்டிருந்தது போச்சேன்னு மட்டும் கொஞ்சம் இருந்துச்சு. உங்க பழைய கேமை எடுத்து ஓட்டும்போது உங்க கைக்கு எது தெரியுது, எது தெரியலன்னு கவனிங்க. ஞாபகம் பனியையும் கொடியையும் கலக்கும், கை கலக்காது. என் கை முதல் நாளே சொல்லிருச்சு, நாந்தான் கேக்கல.

அக்கா கையைத் துடைச்சுட்டு வந்து தரையில உக்காந்தா. உக்காந்த உடனே அவ ஆடுனதைப் பாக்கணுமே. இந்தக் கேமோட சூட்சுமமே சுவருதான், ரெண்டு பக்கமும் வழி ஒரே மாதிரி இருக்காது, ஒண்ணு சுவத்துல முட்டி நிக்கும்போது இன்னொண்ணு மட்டும் நகரும், அப்படி வேணும்னே ஒண்ணை முட்ட வச்சு நிப்பாட்டி இன்னொண்ணை ரெண்டு கட்டம் முன்னாடி கொண்டுவந்து, ரெண்டும் ஒரே வரிசைக்கு வந்ததும் நேரா மேல ஏத்தணும். நான் ரெண்டு பெங்குவினையும் மாத்தி மாத்திப் பாத்து முழிச்சுக்கிட்டு இருந்தேன். அக்கா ஒண்ணைத்தான் பாத்தா, இன்னொண்ணைக் கடைக்கண்ணாலயே வச்சுக்கிட்டா. எப்படிக்கான்னு கேட்டேன், நீ ஒண்ணை மட்டும் பாரு, மத்ததை சுவரு பாத்துக்கும்னா. இருபத்தெட்டு வருஷமா தொடாத கேம், பேரு கூட தெரியாது, ஏழாவது ரவுண்டு வரைக்கும் ஒரு தடவை கூட வலையில மாட்டல.

அவ பையன் வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருந்தான். நான் சும்மா உக்காந்திருந்தேன். அக்கா டிவியை விட்டு கண்ணை எடுக்காம கையால தரையைத் துழாவி அந்த ரெண்டாவது ரிமோட்டை எடுத்து என் மடியில போட்டா. “பிடி. காராச்சேவு கையைத் தொடச்சுக்கோ.”

எட்டாவது ரவுண்டுல அம்மா வந்து சீரியலுக்கு நேரமாச்சுன்னாங்க. சோர்ஸை மாத்திக் குடுத்துட்டு மெஷினைத் தொட்டுப் பாத்தேன், அந்த 7805 இருக்குற பக்கம் இட்லிச் சட்டி மாதிரி கொதிச்சுது, அடாப்டரைக் கழட்டி வச்சேன்.